வயற்காற் புண்ணும் அது ஆறும் வகையும்

வயலிலும் தோட்டத்திலும் பாடுபடுவோர்க்குக் காயம் புதியதன்று. கல்முனைக்கு மேற்கேயும் தெற்கேயும் பரந்து கிடக்கும் சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம், அக்கரைப்பற்று வட்டைகளில் அறுவடை இயந்திரம் வந்தபின் தாக்கத்தி வெட்டு ஓரளவு குறைந்துள்ளது. எனினும் இயந்திரம் எட்டாத மூலைகளையும் மழையிற் சாய்ந்த கதிர்களையும் கையால் அரிவோர் இன்றும் உளர். வரம்பு கட்டும்போது மண்வெட்டி நழுவிப் பெருவிரலிற் படுகின்றது. கை உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லு கணைக்காலைக் கிழிக்கின்றது. சேற்றினுள் மறைந்து கிடக்கும் நத்தை ஓடுகளும் உடைந்த போத்தற் கண்ணாடிகளும் உள்ளங்காலைப் பதம் பார்க்கின்றன. கடற்கரை மணலிற் கத்தரியும் மிளகாயும் பயிரிடுவோர்க்கு வேலிக் கம்பியும் தொட்டாற்சுருங்கி முள்ளும் உண்டு.

ஒரே வயலில், ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே அளவாக வெட்டுப்பட்ட இருவருள் ஒருவருக்குப் பத்து நாளிற் புண் மூடிவிட, மற்றவர் இரண்டு மாதமாகியும் சீழ் வடியும் காலுடன் வீட்டில் முடங்கியிருத்தல் உண்டு. முன்னவர் நல்ல மருந்து இட்டார், பின்னவர் இடவில்லை என்றே ஊரார் கூறுவர். பெரும்பாலும் உண்மை அதுவன்று. புண்ணை ஆற்றுவது உடம்பே. மருந்து அதற்கு இடையூறு நேராது காக்கும் துணை மாத்திரமே. நாற்றை வேர்பிடிக்கச் செய்ய எவராலும் இயலாது. நிலத்தைத் திருத்தி, நீரை அளவாக நிறுத்தி, மாடு மேயாமற் காக்கவே இயலும். புண்ணின் காரியமும் அத்தகையதே. புண் ஆறுதற்கு இடையூறாவன யாவை, அவற்றை வயல்வேலைக்கு நடுவே எங்ஙனம் நீக்கலாம் என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருளாகும்.

புண் ஆறும் முறை

தோல் வெட்டுண்டதும் குருதிக் குழாய்கள் சுருங்கி, குருதி உறைந்து வெட்டுவாயை அடைக்கின்றது. இது சில நிமிடங்களில் நிகழ்வது. அடுத்த மூன்று நான்கு நாட்களுக்குக் காயத்தைச் சூழ்ந்த இடம் சிறிது சிவந்து, வீங்கி, சூடாயிருக்கும். வெள்ளைக் குருதிக் கலங்கள் அங்கு வந்து கூடி, கிருமிகளையும் இறந்த தசையையும் அகற்றும் காலம் அது. அச்சிறு வீக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மூன்றாம் நாளளவில் மாதுளை முத்துப்போற் சிவந்த, மணிமணியான புதுத்தசை அடியிலிருந்து வளரத் தொடங்கும். ஓரங்களிலிருந்து மெல்லிய தோல் அதன்மேற் படரும். தொட்டால் எளிதிற் குருதி கசியும் இச்செந்தசையைக் கெட்ட தசையெனக் கருதிச் சுரண்டி எடுப்போர் உளர். முளைத்த நாற்றங்காலை மீண்டும் உழுதுவிடுவது போன்ற செயல் அது.

புண் மூடியதும் வேலை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. புதுத்தோலின் கீழே நார்கள் அடுக்கப்பட்டு இறுகும் வேலை பல மாதங்கள் நடைபெறும். மூன்று வாரம் சென்ற வடுவிற்குப் பழைய தோலின் உறுதியில் மூன்றிலொரு பங்குகூட வந்திராது. எத்தனை மாதம் சென்றாலும் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வருவதுமில்லை. மூடிய புண் மறுபடி வெடித்தது என்று வியப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதற் செயல் கழுவுதல்

காயம் பட்டவுடன் செய்யவேண்டிய வேலை இரண்டே. குருதியை நிறுத்துதல் ஒன்று, கழுவுதல் மற்றொன்று. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இடையில் எடுத்துப் பாராமற் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தாற் பெரும்பாலான வெட்டுக்களிற் குருதி நின்றுவிடும். ஆழப் பதிந்த கம்பியையோ கண்ணாடியையோ வயலில் வைத்துப் பிடுங்குதலாகாது. அதனை அசையாமற் சுற்றிக் கட்டி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

குருதி நின்றபின், குடித்தற்கேற்ற நீரைத் தாராளமாக ஓடவிட்டுக் காயத்தைக் கழுவுதல் வேண்டும். இதற்குக் குழாய்நீர், கொதித்தாறிய நீர் ஆகிய இரண்டும் ஏற்றவை. சுற்றியுள்ள தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவலாம். வாய்க்கால் நீர் உதவாது. தெளிவாக ஓடினாலும் அது மேற்கட்டு வயல்கள் எல்லாவற்றையும், அங்கு படுத்த எருமைகளையும் கடந்து வந்த நீராகும். வயலுக்குச் செல்வோர் குடிநீர்ப் போத்தலொன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வாராயின், அதுவே அவர்க்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த காய மருந்தாகும்.

இதற்குமேற் காயத்தில் இடும் பொருள்கள் பலவும் தீமையே செய்கின்றன. சாம்பல், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சுருட்டுச் சாம்பல், பற்பசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு சாட்சி இருப்பார். அவர் புண் ஆறியது அப்பொருளால் அன்று. அப்பொருளையும் மீறி ஆறியதாகும். சாணமும் சாணச் சாம்பலும் உயிருக்கே ஆபத்தானவை. காயத்துக்கு இடும் ஸ்பிரிட், ஐதரசன் பெரொட்சைட்டு போன்ற கடுங்கிருமிநாசினிகள் கிருமியைக் கொல்லும்போது, படரவந்த புதுக்கலங்களையும் உடன் கொல்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையின் உறையை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவும் பழக்கமும் பயனற்றது. அம்மருந்து உள்ளே செல்லவேண்டிய அளவிற் செல்லாதது மட்டுமன்றி, தூள் கட்டியாகிப் புண்ணில் அந்நியப் பொருளாய்க் கிடக்கும்.

தேனும் மஞ்சளும் வேறு வகையின. தேனுக்குக் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்மையாகவே உண்டு. பிற நாடுகளில் வைத்தியசாலைகள் சில கிருமியகற்றப்பட்ட தேனைப் புண்ணுக்கு இடுகின்றன. ஆயினும் சமையலறைப் போத்தலிலுள்ள தேனும் அம்மியில் அரைத்த மஞ்சளும் அங்ஙனம் கிருமியகற்றப்பட்டவை அல்ல. ஊர்ப் பரிகாரியாரின் எண்ணெயைப் புண் முற்றாக மூடியபின் வடுவின்மேற் பூசுதலில் தவறில்லை. திறந்த புண்ணில் வேண்டாம்.

தாக்கத்தி பெரும்பாலும் இடக்கை விரல்களையே வெட்டும். வெட்டு சிறிதாயினும், விரலை மடக்கவோ நிமிர்த்தவோ இயலாதிருப்பின், அல்லது விரல் நுனி விறைத்திருப்பின், நாணோ நரம்போ அறுந்திருத்தல் கூடும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நாட்கடந்து செல்வோரின் விரலை முன்போல் மடங்கச் செய்தல் அரிது.

ஏற்புவலி

ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஆண்டுக்கணக்காக உயிர்த்திருக்கும். காற்றுப் புகாத ஆழமான துளைக்காயமே அவற்றுக்கு உகந்த இடம். எனவே அகலமாகத் திறந்து குருதி பெருகிய வெட்டைவிட, துருப்பிடித்த ஆணியோ முள்ளோ ஏறிய சிறு துளையே அஞ்சற்பாலது. நோய் பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்துள் தோன்றும். அப்பொழுது காயம் மறந்தும் போயிருக்கும். தாடை இறுகுதலே முதற்குறி.

2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் நேர்ந்த கடற்கோளை இக்கரையோரத்தார் மறந்திரார். இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அதே கடற்கோள் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைத் தாக்கிய பின், அடுத்த சில வாரங்களுள் அங்கு 106 பேருக்கு ஏற்புவலி கண்டது. அவருள் 20 பேர் மாண்டனர். அலைக்குத் தப்பியவர்கள் சேறு படிந்த காயத்தால் இறந்தனர் என்பது கருதற்பாலது. தடுப்பூசி பெற்றிராமையே அதற்குக் காரணமாயிற்று.

இலங்கையில் விரிவாக்கிய தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியது. அதன்பின் பிறந்தோர் பிள்ளைப் பருவத்திலும், பெண்கள் கருவுற்ற காலத்திலும் ஏற்புவலி ஊசி பெறுகின்றனர். ஆகவே இன்று ஆபத்திற் கிடப்போர், முழுத் தொகுதியையும் பெற்றிராத வயது முதிர்ந்த ஆண்களே. வயலில் இறங்கி வேலை செய்வோருட் பலர் அவர்களே. முழுத் தொகுதியும் பெற்றவர்க்குச் சுத்தமான சிறு காயமாயின் கடைசி ஊசி பத்து ஆண்டுக்குட்பட்டதாய் இருத்தல் போதும். சேறோ சாணமோ பட்ட காயமாயின் ஐந்து ஆண்டுக்குட்பட்டதாய் இருத்தல் வேண்டும். கடைசி ஊசி எப்பொழுது என்பது நினைவில்லையாயின், பெறவில்லை என்றே கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க.

அழுக்கேறிய ஆழமான காயத்தை வைத்தியர் சில வேளை உடனே தைக்காது, கழுவித் திறந்தபடியே கட்டிச் சில நாள் கழித்து வரச் சொல்வார். இதனைக் கவனக்குறைவென்று குறைகூறுவோர் உளர். அஃது அறியாமை. சேற்றுக் கிருமியை உள்ளே வைத்துத் தைத்தால் அடியிற் சீழ் கட்டும். திறந்து வைத்து, சுத்தமானபின் தைப்பதே முறை.

சேற்றிலிருந்து வரும் நோய்கள்

எலிக்காய்ச்சல் பற்றி நெற்செய்கையாளர் யாவரும் கேள்வியுற்றிருப்பர். எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த வயல்நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள கீறல் வழியே உடலிற் புகும். 2008 ஆம் ஆண்டு இலங்கையில் 7000க்கு மேற்பட்டோர் இந்நோய் கொண்டதாக ஐயுறப்பட்டனர்; ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். இங்கு புண் ஆறாமை நோயன்று. புண் நோய்க்கு வாயிலாதலே ஆபத்து. ஆகையால் திறந்த புண்ணுடன் சேற்றில் இறங்குதலைத் தவிர்த்தல் வேண்டும். இறங்கியே ஆகவேண்டின், நீர் புகாதவாறு கட்டி, வேலை முடிந்ததும் கழுவி, புதுக்கட்டு இடுதல் வேண்டும். வயலிலிருந்து வந்த சில நாட்களிற் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன தோன்றின், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிற் கூறுதல் வேண்டும். போகத் தொடக்கத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வாரமொருமுறை உண்ணும் டொக்சிசைக்கிளின் குளிசையைத் தகுந்தோர்க்கு வழங்குவதுண்டு. அதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாகப் பெறுதலே முறை. கருவுற்ற பெண்களும் சிறுவரும் தாமாக உண்ணலாகாது.

மற்றொரு நோய் பலராலும் அறியப்படாதது. மெலியோய்டோசிசு என்பது அதன் பெயர். 1912 இல் இரங்கூனில் விட்மோர் என்னும் வைத்தியரும் அவருடன் பணிபுரிந்த கிருஷ்ணசுவாமி என்பவரும் இதனை முதன்முதல் விவரித்தனர். இதன் கிருமி ஈரமண்ணிலும் வயற்சேற்றிலும் வாழ்வது, மழைக்காலத்தில் மிகுவது. மட்டக்களப்பு உட்பட இலங்கையின் பல மாவட்டங்களில் நோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். ஆறாத புண், உடலின் வேறிடங்களிற் சீழ்க்கட்டி, விடாத காய்ச்சல், சுவாசப்பை அழற்சி எனப் பல வடிவில் தோன்றும். வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பல இதற்கு அடங்கா. ஏற்ற மருந்தை நாளத்தில் ஊசி வழியாக ஏற்றி, அதன்பின் மாதக்கணக்கிற் குளிசையும் உண்ணல் வேண்டும். இதற்கு மிகுதியும் ஆளாவோர் நீரிழிவு உள்ளவர்களே என்பதைக் குறித்துக் கொள்க. அதுபற்றிப் பின்னர் விரித்துரைக்கப்படும்.

ஈரம் எவ்வளவு?

புண்ணைக் காயவிடுதலே நல்லது, பொருக்குக் கட்டினால் ஆறிவிடும் என்பது தொன்றுதொட்ட எண்ணம். 1962 இல் இலண்டனில் ஜோர்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர் விலங்குத் தோலிற் செய்த ஆய்வு இவ்வெண்ணத்தை மாற்றியது. மெல்லிய பொலித்தீன் தாளால் மூடப்பட்ட காயத்தில் மேற்றோல், காற்றில் உலரவிட்ட காயத்திலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்ந்தது. உலர்ந்த பொருக்கின் அடியிற் புதுக்கலங்கள் வழி தேடிச் சுற்றிச் செல்லவேண்டியிருக்க, ஈரப்பதமுள்ள புண்ணில் அவை நேரே படருகின்றன. ஆகவே சுத்தமான கட்டால் மூடிவைத்தலே நன்று. இதனைக் கேட்டு உரப்பையைக் கிழித்துக் காலிற் சுற்றுதல் வேண்டாம். வைத்தியசாலையிலோ மருந்தகத்திலோ கிடைக்கும் கிருமியற்ற கட்டுத்துணி போதும்.

புண்ணின் சொந்த ஈரம் வேறு, சேற்றுநீரின் ஈரம் வேறு. நாள் முழுதும் நீரில் நின்ற காலின் தோல் வெளுத்து, ஊறி, விரலிடுக்கில் வெடித்துச் சேற்றுப்புண் ஆகின்றது. நனைந்த கட்டை அப்படியே விடுதலும் இதே தீங்கைச் செய்யும். கட்டு நனைந்தால் உடனே மாற்றுதல் வேண்டும். நனையாத, நாறாத கட்டை நாளும் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுவதில்லை.

ஐவேளைத் தொழுகைக்காக வுழூச் செய்வோர் நாளொன்றுக்குப் பலமுறை கால்களைக் கழுவி விரலிடுக்கையும் கோதுகின்றனர். தம் கால்களை இத்தனை முறை கண்ணுறும் மக்கள் உலகிற் பலர் இலர். புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள இதனினும் நற்பழக்கம் வேறில்லை. கழுவியபின் விரலிடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றுதல் மட்டும் பலரிடம் இல்லை. சேற்றுப்புண் ஆறாமைக்கு அதுவும் ஒரு காரணம். கட்டிட்ட புண்ணில் நீர்படுதல் கெடுதியாகுமிடத்து, கட்டின்மேல் ஈரக்கையால் தடவும் மஸ்ஹு என்னும் சலுகை மார்க்கத்தில் உண்டு. அதன் விதிகளை ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்து நடத்தல் நலம். அறியாமையால் ஒரு நாளைக்கு ஐந்து முறை கட்டை நனைப்போர் உளராதலின் இது இங்கு கூறப்பட்டது.

உணவும் பத்தியமும்

புண் வந்தால் மீன் ஆகாது, முட்டை ஆகாது, கத்தரிக்காய் கிரந்தி என்று சோறும் சொதியுமாகப் பல நாட்கள் கிடப்பது இப்பகுதியிற் பரவிய வழக்கம். கடலோரத்திலிருந்து கொண்டே மீனை விலக்குவது பரிதாபத்துக்குரியது. புதுத்தசை புரதத்தால் ஆவது. மீன், முட்டை, பால், பருப்பு, பயறு ஆகியன இன்றிப் புதுத்தசை ஆகாது. விதைநெல் இன்றி வயலை விதைத்தல் இயலாதன்றோ? ஒரு மீனை உண்டால் தோல் தடித்து அரிப்பு எடுக்கும் இயல்புடையோர் அம்மீனை மட்டும் விலக்கினாற் போதும். சூரையும் கீரியும் சாளையும் சீழை உண்டாக்குவதில்லை. சீழை உண்டாக்குவது கிருமி.

விற்றமின் சீ குறைந்தால் புண் ஆறாது என்பதற்கு 1939 இல் அமெரிக்காவில் ஜோன் கிரண்டன் என்னும் இளம் அறுவை வைத்தியர் தம்மையே சான்றாக்கினார். அவர் பழமும் காய்கறியும் இன்றி ஆறு மாதம் வாழ்ந்தார். மூன்றாம் மாதம் அவர் முதுகில் இட்ட சிறு வெட்டு வழக்கம்போல் ஆறிற்று. ஆறாம் மாதம் இட்ட வெட்டோ, பத்து நாள் சென்றும் தோலின் கீழே பொருந்தவில்லை. விற்றமினை ஊசியால் ஏற்றிய பத்து நாளில் அது நன்கு பொருந்தியது. இச்சத்துக்குக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. வளவிலுள்ள ஒரு கொய்யாப்பழமே ஒரு நாளைக்குப் போதுமானது. நெல்லி, முருங்கை இலை, பச்சை மிளகாய், தேசிக்காய் ஆகியவற்றிலும் மிகுதியாக உண்டு. நெடுநேரம் கொதிக்கவைத்தால் இச்சத்து அழியுமாதலின், சுண்டலாகவோ சம்பலாகவோ உண்ணுதல் சிறப்பு. சந்தைக்குக் கீரையும் காயும் அனுப்பிவிட்டு வீட்டில் வெறுஞ்சோறு உண்ணும் தோட்டக்காரர் இதனைச் சிந்திப்பாராக.

பீடி, சிகரெட், சுருட்டுப் பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். புகையிலையின் நிக்கொட்டின் தோலின் சிறு குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றது. புகையின் காபனோரொட்சைட்டு, குருதியில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக் கொள்கின்றது. வாய்க்கால் அடைபட்ட கடைசி வயல்போலக் காற்புண் வாடும்.

வலியில்லாத புண்

ஆறாத காற்புண்ணுடன் வருவோருட் பலர், "பெரிய புண்தான், ஆனால் நோவில்லை" என்று ஆறுதலாகக் கூறுவர். அஃது ஆறுதலன்று; எச்சரிக்கை.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்திய ஆய்வொன்றில், வளர்ந்தோர் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பது கண்டறியப்பட்டது. சீனி வருத்தம் என்று ஊரில் வழங்கும் இந்நோய் புண்ணை மூன்று வழியிற் கெடுக்கின்றது. குருதியில் மிகுந்த வெல்லம் வெள்ளைக் கலங்களின் ஆற்றலைக் குறைக்கின்றது. காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் ஒடுங்குகின்றன. இவ்விரண்டினும் வஞ்சகமானது மூன்றாவது. காலின் நரம்புகள் மரத்துப் போகின்றன. முள் ஏறியது தெரியாது. செருப்பினுட் கல் கிடப்பது தெரியாது. நண்பகல் வெயிலிற் காய்ந்த மணல் சுடுவதும் தெரியாது.

உணர்ச்சியற்ற காலிற் புண் ஏன் ஆறுவதில்லை என்னும் வினாவுக்கு விடை கண்டது தமிழ்நாட்டின் வேலூரிலாகும். போல் பிராண்ட் என்னும் ஆங்கில அறுவை வைத்தியர் 1914 இல் கொல்லிமலையிற் பிறந்து, அம்மலையுழவரிடையே வளர்ந்தவர். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் வைத்தியரும் நம்பினர். பிராண்ட் ஒவ்வொரு புண்ணும் எவ்விடத்தில், எவ்வேலையின்போது வந்ததென்று துருவி ஆராய்ந்தார். சூடான பாத்திரம், கருவியின் பிடி, செருப்பின் ஆணி என ஒவ்வொன்றுக்கும் காரணம் வெளிப்பட்டது. இரவில் காணாமற்போன விரல்களுக்கும் காரணம் கிடைத்தது. உறங்கும்போது எலிகள் கடித்துச் சென்றன, உணர்ச்சியற்றமையால் நோயாளர் விழிக்கவில்லை. அவர்களின் தசை கெட்ட தசையன்று. ஓய்வு கொடுத்தால் ஏனையோரின் தசைபோலவே ஆறிற்று. நோவு அறியும் மனிதன் புண்பட்ட காலைத் தானாகவே நொண்டிக் காக்கின்றான். நோவறியாதவன் அப்புண்ணின்மேலேயே நாள் முழுதும் நடக்கின்றான். யானைக் காவலுக்குப் பரணில் ஆளில்லாத வயலுக்கு நேர்வதே அக்காலுக்கு நேர்கின்றது.

இத்தகைய காலுக்கு ஓய்வு கொடுக்கும் வழியொன்றை 1930களிலேயே இலங்கையிற் கையாண்டவர் கொழும்பு அறுவை வைத்தியர் மில்ரோய் போல் ஆவார். எலும்பு முறிந்தார்க்கு இடும் வெண்சாந்துக் கட்டைத் தொழுநோயாளரின் புண்பட்ட காலில் அணைய இட்டு, உடற்பாரம் புண்ணின்மேல் மாத்திரம் அழுத்தாமற் காலெங்கும் பரவச் செய்தார். புண்கள் ஆறின. வேலூரிலும் அம்முறை கைக்கொள்ளப்பட்டது. பிராண்ட் 1966 இல் அமெரிக்காவுக்குச் சென்றபின், அதே முறை நீரிழிவுக் காற்புண்ணுக்கும் அங்கு பயன்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் அம்முறையின் வேர் இந்நாட்டிலும் உண்டென்பது பலர் அறியாதது.

இதனால் கமக்காரர் அறியவேண்டியது யாது? உள்ளங்காற் புண்ணுக்கு எத்தனை விலையுயர்ந்த களிம்பை இட்டாலும், அதன்மேல் நடந்துகொண்டிருக்கும்வரை ஆறுதல் அரிது. அறுவடைக் காலத்தில் ஓய்வெடு என்பது சொல்லுதற்கு எளிது. இயந்திரக்காரர் வரும் நாள் ஒன்றே, மழை இருள்கின்றது, குத்தகைக்காரர் காத்திருக்கின்றார். அந்நிலையிற் கட்டிலிற் கிடப்பவர் யார்? ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மூன்று வார ஓய்வில் இழப்பது ஒரு போகத்தின் கூலியாள் செலவு. ஓய்வின்றிச் சென்று இழப்பது விரலாகலாம், பாதமாகலாம். பாதமிழந்தவர்க்கு அடுத்த போகமும் அதற்கடுத்த போகமும் கூலியாள் செலவே. வரம்பில் நின்று மேற்பார்வை செய்வதும் நடையே. நாற்காலியிட்டு அமர்ந்து, காலை உயர்த்தி வைத்துக் கொண்டு மகனையோ முல்லைக்காரரையோ ஏவுதல் ஓய்வாகும்.

நாற்பது வயது கடந்தவர்க்குப் புண் இரண்டு வாரத்திற் சிறுக்காவிடின், அது நோவாயினும் நோவற்றதாயினும், குருதியிற் சீனியைச் சோதித்தல் வேண்டும். முதன்முதல் ஆறாத புண்ணாலேயே தம் நீரிழிவை அறிந்தோர் பலர். நீரிழிவு உள்ளவர் வருடமொருமுறை காலின் உணர்ச்சியைச் சோதிப்பித்தல் வேண்டும். வெறுங்காலுடன் வளவிலும் நடத்தலாகாது. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுதல் வேண்டும். ஆணிக்காலைத் தாமே சவர அலகால் சீவுதல் கூடாது. நோன்பு மாதத்தில் மருந்துண்ணும் நேரத்தைத் தாமாக மாற்றாது, முன்கூட்டியே வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

வைத்தியசாலைக்கு எப்பொழுது?

இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பின்னும் சிவப்பும் வீக்கமும் குறையாது பரவுதல், நாற்றமுள்ள சீழ், புண்ணிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் சிவந்த கோடு, அரையில் நெறிகட்டுதல், காய்ச்சல், விரல் கறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே செல்லல் வேண்டும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஆதார வைத்தியசாலைகள் இக்கரையோரத்தார்க்கு அண்மையில் உள்ளவை. அரச வைத்தியசாலையில் மருந்து கட்டுதற்குக் கட்டணமில்லை. கூலிநாள் ஒன்று போகும் என்பதே பலரைத் தடுக்கின்றது.

நன்கு மூடிய புண்ணுடன் வேலைக்குத் திரும்புவோர் முதல் இரு வாரங்களுக்கு உலர்ந்த நில வேலையையே தேர்தல் நன்று. களைகொல்லி, பூச்சிகொல்லி தெளிக்கும் வேலையைப் புதுத்தோல் இறுகும்வரை பிறரிடம் விடுதல் வேண்டும். கீறலுள்ள தோல் நஞ்சை எளிதில் உறிஞ்சும். சேற்றில் நீண்ட சப்பாத்து இழுபடும், நடக்க இயலாது என்று உழவர் கூறுவது உண்மையே. ஆயினும் வரம்பு வெட்டும்போதும் களத்திலும் சப்பாத்து அணிவதற்கு அத்தடை இல்லை. மண்வெட்டி வெட்டு நேர்வதும் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே.

வயல்வாடியில் மூடியுள்ள தகரப்பெட்டி ஒன்றில் சவர்க்காரத் துண்டு, கிருமியற்ற கட்டுத்துணிப் பொதி சில, ஒட்டுநாடா, அகலச் சுருள்துணி, கத்தரிக்கோல் ஆகியவற்றை வைத்தல் வேண்டும். பெட்டியை விதைநெல், உரம், எண்ணெய்த் தகரம் ஆகியவற்றுக்கு அப்பால், எலி எட்டாதவாறு முகட்டிற் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். கட்டுத்துணிப் பொதியை ஒருமுறை திறந்தால் எஞ்சியதை அடுத்த காயத்துக்கென மடித்து வைத்தலாகாது.